வளவு துப்பரவாக்கிக் கை கடித்தால்: வேப்பிலையா, கற்றாழையா, பாமசிக் கிறீமா?

ஆடி பிறந்தால் எங்கள் ஒழுங்கையில் பூட்டிக் கிடந்த இரண்டு மூன்று வீடுகள் திறக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வருகிறவர்கள், பயணக் களைப்பு ஆறுவதற்குள் கத்தியும் மண்வெட்டியுமாக வளவுக்குள் இறங்கிவிடுவார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பின்னேரம், யாராவது ஒருவர் முழங்கை வரை சிவந்து தடித்து, அரிப்பெடுத்துக் கடிக்கும் கையோடு எங்கள் படலையைத் திறப்பார். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதுக்கு என்ன பூசுறது?"

பதில் மட்டும் ஆளுக்கொன்று. "சுண்ணாம்பைத் தடவு மோனை, எரிஞ்சு அடங்கிடும்" என்பார் அம்மம்மா. பெரியம்மாவுக்கு வேப்பிலையை விட்டால் வேறு மருந்து இல்லை. கைபேசியில் தேடிப் பார்த்த மருமகள் கற்றாழை என்பாள். பாமசிக்காரர் ஒன்றும் பேசாமல் ஒரு கிறீமை எடுத்து மேசையில் வைப்பார். நாலு பேருமே தங்கள் மருந்தால் சுகமான ஒருவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்.

நான் வைத்தியர் இல்லை. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இருபது வருடத்துக்கு மேல் போக முடியாமல் கிடந்து திரும்பக் கிடைத்த ஒரு காணியை, பற்றை வெட்டி ஆள் நடக்கும் வளவாக்கியவன். அதில் பட்ட கடியும், அதற்குப் பிறகு வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்ததுமே கீழே இருப்பவை.

## முதலில், பட்டது எது?

பூசுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊர்ச் செடிகள் தோலோடு மூன்று விதமாக மல்லுக்கு நிற்கின்றன. ஒன்றுக்குச் சரிவரும் மருந்து மற்றதற்கு வீண், சில நேரம் கேடு.

குத்துகிறவை முதல் வகை. வேலியில் படரும் காஞ்சோண்டியைத் தெரியாத ஆள் இருக்க முடியாது. அதன் இலையிலும் தண்டிலும் இருக்கும் நுண்மயிர்கள் ஊசி போலத் தோலில் இறங்கும். பட்ட கணமே தெரிந்துவிடும். நெருப்புச் சுட்டது போல எரியும், தடிக்கும், பெரும்பாலும் சில மணித்தியாலங்களில் தானாகவே அடங்கும். பூனைக்காலிக் காயின் பொன்னிற மயிரும் இந்தச் சாதிதான். அதிலுள்ள நொதியமே கடியைத் தூண்டுகிறது. மசுக்குட்டி (கம்பளிப்பூச்சி) செடி இல்லை என்றாலும் அதையும் இங்கே சேர்க்கிறேன். மாரியில் முருங்கைக்குக் கீழே நின்றுவிட்டு, காலில் பட்ட புல்லைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். சமையலறையில் கை கடிக்க வைக்கும் கரணையும் சேமனும் இதற்குக் கிட்டத்தட்ட உறவு: கிழங்குக்குள் ஊசிப் படிகங்கள்.

இரண்டாவது, சுடுகிறவை. சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி, எருக்கலை, களப்புக் கரையில் கண்டலோடு நிற்கும் தில்லை. எல்லாவற்றிலும் வில்லன் பால்தான். கள்ளிப்பால் பட்ட உடனே ஒன்றும் தெரியாது. சில மணித்தியாலம் கழித்துச் சிவந்து, கொப்புளம் கூடப் போடலாம். கண்ணில் பட்டால் கதையே வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவது, ஒவ்வாதவை. இதில்தான் ஆட்கள் ஏமாறுவது. பார்த்தீனியம் என்ற களைச்செடி, மாங்காய்ப் பால், மரமுந்திரிகைக் கொட்டையின் கோது எண்ணெய். இவை எல்லாருக்கும் ஒரே மாதிரிச் செய்யாது. உடம்பு ஒருமுறை அறிந்து பகைத்துக்கொண்டால், அடுத்த முறை பட்டு ஒன்று இரண்டு நாள் கழித்துக் கடி தொடங்கும். அதற்குள் நாங்கள் திருவிழாவுக்குப் போய், கச்சான் வாங்கித் தின்று, நேற்றுச் சாப்பிட்ட நண்டுக்கறியைக் குற்றம் சொல்லத் தொடங்கியிருப்போம். தொடங்கினால் ஒன்றிலிருந்து மூன்று கிழமை வரை இழுக்கும்.

பார்த்தீனியத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். 1987இல் இந்திய அமைதிப்படை வந்தபோது அவர்களோடு வந்த ஆடுகளில் ஒட்டி வந்தது என்பது ஊர்ப் பேச்சு. ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும். 2013 முதல் 2018 வரை இருந்த வட மாகாண சபையின் விவசாய அமைச்சு அதை ஒழிப்பதை ஓர் இயக்கமாகவே நடத்தியது. இன்றும் மழை முடிந்த கையோடு வெறும் காணிகளில் வெள்ளைப் பூவோடு நிற்கிறது. இதைத் தொட வேண்டும் என்று கூட இல்லை. காய்ந்த செடியின் தூசு காற்றோடு வந்து கண்மடலிலும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் படும். சோளகம் வீசும் மாதங்களில் முகம் மட்டும் கடிக்கிற ஆட்கள் பக்கத்துக் காணியை ஒருதரம் எட்டிப் பார்ப்பது நல்லது.

கனடாக்காரருக்கு ஒரு சொல். அங்கே பற்றைகளில் 'பொய்சன் ஐவி' என்று ஒன்று இருக்கிறது, அதற்குப் பயந்து பிள்ளைகளைப் புல்லில் விடமாட்டார்கள். அது யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆனால் அதன் உறவுக்காரர் எங்கள் முற்றத்தில் நிற்கிறார்கள்: மாவும் மரமுந்திரிகையும் அதே குடும்பம். அங்கே ஐவி பட்டுக் கொப்புளித்தவருக்கு இங்கே கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத் தோலோடு கடித்தால் வாயைச் சுற்றிப் பொரிந்து வரலாம். என் மச்சானுக்கு அப்படித்தான் வந்தது. சாவகச்சேரியில் ஒரு கூடை மாம்பழம் வாங்கி வந்து, சின்ன வயதில் தின்றது போலவே பல்லால் தோலை உரித்தவர். மூன்றாம் நாள் திருவிழாவுக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு போனார். பழத்தின் சதை அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. தோலும் காம்படிப் பாலும்தான்.

## எதை வைத்து அளப்பது

நான் வைத்திருக்கும் கேள்விகள் ஐந்து. தோலில் ஒட்டியிருக்கும் மயிரையோ பாலையோ தூசையோ இது அகற்றுமா? கடியை அடக்குமா, அடக்கினால் எவ்வளவு நேரம்? இதுவே தோலைப் பழுதாக்குமா? இரவு பத்து மணிக்கு, கரண்ட் போன வீட்டில் கைக்கெட்டுமா? இதைப் பூசிக்கொண்டு இருந்ததால் செய்யாமல் விட்டது என்ன?

விலையைச் சேர்க்கவில்லை. கீழே உள்ள எதுவும் ஒருவரைக் கடனாளியாக்காது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காஞ்சோண்டிக் கடி எதைப் பூசினாலும் மாறும், பூசாவிட்டாலும் மாறும். அதனால்தான் எல்லா வைத்தியத்துக்கும் ஊரில் ஒரு சாட்சி இருக்கிறது. ஒரு மருந்தின் தரத்தை அறிய வேண்டுமானால், காஞ்சோண்டி பட்டவரை விட்டுவிட்டு மாங்காய்ப் பால் பட்டவரைக் கேட்க வேண்டும்.

## சவர்க்காரமும் கிணற்றுத் தண்ணீரும்

முதல் கேள்விக்கு முழுதாக 'ஓம்' சொல்லக்கூடியது இது ஒன்றுதான். மாங்காய்ப் பாலும் முந்திரிகை எண்ணெயும் பிசின் போன்றவை, வெறும் தண்ணீருக்கு அசையாது. சவர்க்காரம் வேண்டும். பட்டு முதல் பத்து நிமிடத்துக்குள் கழுவினால் பெரும் பகுதி தப்பலாம். அரை மணித்தியாலம் போனால் பாதிக்கு மேல் தோலோடு பிணைந்துவிடும், ஆனாலும் கழுவத்தான் வேண்டும். மிச்சம் முகத்துக்கும் பிள்ளைக்கும் போகாமல் இருக்கும்.

எங்கள் கிணறுகளில் ஒரு சிக்கல். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் கடினத் தண்ணீர், சவர்க்காரம் இலேசில் நுரைக்காது. ஒருமுறை தேய்த்துவிட்டு 'கழுவியாச்சு' என்று வராதீர்கள். இரண்டு மூன்று தரம் சவர்க்காரம் போட்டு, ஒவ்வொரு தரமும் நன்றாக ஓடவிட்டுக் கழுவுங்கள். நகத்துக்குள்ளும்தான். பாத்திரம் கழுவும் திரவம் பிசினுக்கு இன்னும் நன்றாக வேலை செய்யும்.

மறைந்த செலவு: தும்புப் பொச்சால் தேய்க்கிற ஆசை. ஊறின தோலை அப்படித் தேய்த்தால் நஞ்சுக்கு நாங்களே வாசல் திறந்துவிடுகிறோம். சுடுதண்ணீரும் வேண்டாம்.

குத்துகிற வகைக்கு ஒழுங்கு கொஞ்சம் மாறும். காஞ்சோண்டி, பூனைக்காலி, மசுக்குட்டி பட்ட இடத்தைக் கையால் தடவாமல், ஒட்டும் நாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பிள்ளைகளின் பாடசாலைப் பையில் எப்படியும் ஒரு சுருள் கிடக்கும். இரண்டு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் புதுத் துண்டு. அப்புறம் கழுவுங்கள். முதலில் கழுவித் தேய்த்தால் மயிர் இன்னும் ஆழம் போகும்.

## குளிர்ந்த துணி

மூன்று வகைக்கும் பொருந்தும், யாருக்கும் கேடு செய்யாது, பக்க விளைவு இல்லை. ஆனாலும் யாரும் நம்புவதில்லை, ஏனென்றால் இதில் மருந்து மணம் இல்லை. சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, பதினைந்து இருபது நிமிடம் போட்டு வையுங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தரம் செய்யலாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் மண்பானைத் தண்ணீர் போதும். பனிக்கட்டியை நேரே தோலில் வைக்க வேண்டாம்.

குறை ஒன்றுதான்: துணியை எடுத்துக் கொஞ்ச நேரத்தில் கடி திரும்பி வரும். பொறுமை இல்லாதவருக்குச் சரிவராது.

## வேப்பிலையும் மஞ்சளும்

இங்கேதான் எனக்குப் பெரியம்மாவோடு வருடா வருடம் வாக்குவாதம். எங்கள் ஊரில் வேப்பிலை வெறும் இலை இல்லை. அம்மாள் வருத்தம் வந்தால் படுக்கையில் போடுவது, கடிக்கிற இடத்தை வருடிக் கொடுப்பது, சுகமான பிறகு அவித்து முழுக வார்ப்பது எல்லாம் அதுதான். "உதுக்குப் போய்ப் பாமசிக்கு ஓடுறியே? ரெண்டு கொத்து முறிச்சு அவிச்சு ஊத்து" என்று அவர் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் நாலு தலைமுறை நிற்கிறது.

ஆறவிட்ட வேப்பிலைத் தண்ணீர் இதமாகத்தான் இருக்கிறது. இலையால் வருடுவது நகத்தால் சொறிவதை விட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அந்த இதத்தில் எவ்வளவு வேப்பிலையால், எவ்வளவு குளிர்ந்த தண்ணீரால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. 'ஆறவிட்ட' என்ற சொல்லையும் அடிக்கோடிட வேண்டும். சூட்டோடு ஊற்றினால் அந்த நிமிடம் சொர்க்கம், அரை மணித்தியாலத்தில் கடி இரட்டிப்பாக வரும்.

அரைத்துப் பூசுகிற மஞ்சள் பற்றுத்தான் என் எதிர்ப்பு. முதலாவது, மஞ்சளே சிலருக்கு ஒவ்வாது; ஏற்கெனவே கொதித்துப்போன தோலில் அது கூடுதல் வம்பு. இரண்டாவதைப் பலர் யோசிப்பதில்லை. மஞ்சள் பூசிய கையில் சிவப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, சீழ் வைக்கிறதா என்று யாராலும் பார்க்க முடியாது. வைத்தியரிடம் போனால் அவரும் முதலில் அதைக் கழுவச் சொல்லுவார். மூன்றாவது, அம்மியில் அரைத்த பற்றைக் கொப்புளம் உடைந்த இடத்தில் வைத்தால் அம்மியிலிருந்த கிருமியும் கூடப் போகும்.

சரி, எப்போது இது நல்ல தெரிவு? தோல் உடையாமல், பரந்த இடத்தில் இலேசான கடி, வீட்டில் வேம்பு, பொறுமையான ஒரு பெரியம்மா. அப்போது தண்ணீராக ஊற்றலாம், பற்று வேண்டாம்.

## கற்றாழை

குளிர்ச்சிக்கு நல்லது. சுடுகிற வகைக்கு, பால் முழுதாகக் கழுவிய பிறகு, நான் முதலில் தேடுவது இதைத்தான். ஆனால் மடலை முறித்து அப்படியே தேய்க்கிறவர்கள், முறித்த வாயில் வடியும் மஞ்சள் பாலையும் சேர்த்துத் தேய்க்கிறார்கள். அந்தப் பாலே தோலைக் கடிக்க வைக்கும். மடலை வெட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் நட்டமாக நிறுத்தி வையுங்கள், மஞ்சள் வடியட்டும். தோலைச் சீவிச் சதையை இரண்டு தரம் கழுவி, உள்ளங்கை அளவுத் துண்டை முதலில் நல்ல தோலில் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். இரவில் ரோச் லைற் வெளிச்சத்தில் செய்யும் வேலை இல்லை இது.

கடையில் பச்சை நிறத்தில் விற்கும் கற்றாழை ஜெல்லில் வாசனையும் நிறமும் சேர்ந்திருக்கும். கடித்த தோலுக்கு அது வேண்டாம்.

## தேங்காய் எண்ணெய்

நேரத்தைப் பொறுத்து இது நண்பன் அல்லது எதிரி. கரணை சீவ முன்பு, பலாப்பழம் வெட்ட முன்பு, மாங்காய் பிடுங்க முன்பு கையில் தடவினால் நல்ல காவல். பலாப்பால் போல ஒட்டிக்கொண்டதை இளக்கி எடுக்கவும் உதவும், உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவினால். கழுவாமல் எண்ணெயை மட்டும் தேய்த்தால், ஒரு ரூபாய்க் குற்றியளவு இருந்த பாலை முழங்கை வரை இழுத்துவிட்டதுதான் மிச்சம். கடி அடங்கித் தோல் காய்ந்து செதிலாக உரியும் கடைசிக் கிழமையில் திரும்பவும் நண்பன். அந்தக் கட்டத்தில் எந்தக் கிறீமையும் விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

## சுண்ணாம்பும் தேசிக்காயும்

இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டதற்குக் காரணம், இரண்டுக்கும் என் பதில் ஒன்று: வேண்டாம்.

வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பு கடுமையான காரம். கடி தெரியாமல் போவது, அதைவிடப் பெரிய எரிவு வந்துவிட்டதால். அடுத்த நாள் பார்த்தால் செடி செய்யாத புண்ணைச் சுண்ணாம்பு செய்திருக்கும். அம்மம்மாவோடு வாதாடுவதில்லை. தட்டத்தை எடுத்துத் தூரத்தில் வைத்துவிடுவேன்.

தேசிக்காய்க்கு நானே சாட்சி. பத்து வயதில் காஞ்சோண்டி பட்ட முன்னங்கையில் யாரோ தேசிக்காயைப் பாதியாக வெட்டித் தேய்த்துவிட்டார்கள். அந்தக் கையோடு மத்தியான வெயிலில் சைக்கிள் மிதித்தேன். காஞ்சோண்டி பின்னேரமே போய்விட்டது. இரண்டாம் நாள் தேசிப்புளி வடிந்த கோடு கோடாகக் கொப்புளம் வந்தது, பிறகு கறுத்தது. ஐப்பசியில் வந்த கறுப்பு தைப்பொங்கலுக்கும் இருந்தது. தேசிக்காய்ச் சாற்றில் உள்ள ஒரு பொருள் வெயில் பட்டால் தோலைச் சுடும் என்று எனக்கு விளங்கியது பல வருடம் கழித்துத்தான். கரணை சீவிய கைக்குப் புளி போட்டுக் கழுவுவது பழைய வழக்கம், அதற்குப் பழப்புளி இருக்கிறது. தேசிக்காயைக் கறிக்கு வையுங்கள்.

## ஓட்ஸும் அப்பச்சோடாவும்

ஓட்ஸ் எங்கள் பாட்டிமார் அறியாதது, ஆனால் தோல் வைத்தியர்கள் ஒப்புக்கொள்ளும் வீட்டு வைத்தியம். கிறைண்டரில் மாவாக அடித்து, தண்ணீரில் போட்டால் பால் போலக் கரைய வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகள் குளியல் தொட்டியை நிரப்பச் சொல்லும். எங்களுக்குக் கிணற்றடிதான். ஒரு பேசினில் கரைத்துக் கையை ஊற வைக்கலாம், துணியை நனைத்துப் போடலாம். குழந்தைகளின் தோலுக்கும் ஏற்றது. கவனிக்க வேண்டியது ஒன்று: கிணற்றடிச் சீமெந்தில் கொட்டினால் வழுக்கும். கடி மாறிக் கால் முறிந்த கதையாகிவிடும்.

அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துச் சிறிய இடத்தில் சில நிமிடம் வைத்துக் கழுவலாம். அவ்வளவுதான், நாள் முழுக்க வைத்தால் தோலைக் காய வைக்கும்.

## கலமைன்

பாமசியில் கிடைக்கும் இளஞ்சிவப்புக் குப்பி. நீர் வடிகிற, பொரிந்த கடிக்குப் பொருத்தம்: நீரை உலர்த்தும், குளிரும், எந்த வயதுக்கும் பெரிய பயமில்லை. குலுக்கிப் பூச வேண்டும். நீர் நின்ற பிறகும் தொடர்ந்து பூசினால் தோல் வெடிக்கும், அங்கே நிறுத்திவிட்டு எண்ணெய்க்கு மாறுங்கள். வீட்டில் ஒரு குப்பி முன்கூட்டியே இருந்தால் நாலாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். ஒவ்வாமையை அடக்கும் அன்ரிஹிஸ்ரமினோ மரத்துப்போகச் செய்யும் மருந்தோ கலந்த பூச்சுகள் சிலருக்குப் புது ஒவ்வாமையைக் கொண்டுவரும். வெறும் கலமைன் போதும்.

## கோட்டிசோன் கிறீமும் குளிசையும்

ஒவ்வாத வகைக்கு, அதாவது மாங்காய்ப் பாலுக்கும் பார்த்தீனியத்துக்கும், வீட்டு வைத்தியம் எல்லாம் நேரத்தைக் கடத்தும். வீக்கத்தின் வேரில் கை வைப்பது இதுதான். இலேசானதற்கு 1 வீத ஹைட்ரோகோட்டிசோன், மெல்லியதாக, சில நாள். அது போதாவிட்டால் அடுத்த படி வைத்தியர்.

அந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதுதான் இங்கே நடக்கும் பிழை. 'போன முறை தந்த அந்தக் குழாய்' என்று கேட்டு வாங்குவது பல வேளை அதைவிடப் பன்மடங்கு வலுவான ஸ்ரெரொயிட், அல்லது மூன்று நாலு மருந்து கலந்த கிறீம். இரண்டு நாளில் அற்புதம் போல மாறும். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், விட்டவுடன் கடி முன்னிலும் மோசமாகத் திரும்பும். அது படர்தாமரையாக இருந்திருந்தால், சிவப்பு மறைந்து உள்ளே வளரும்.

குளிசையைப் பற்றி ஒரு தெளிவு. செற்றிறிசினும் குளோபெனிரமினும் காஞ்சோண்டி, மசுக்குட்டித் தடிப்புக்கு நன்றாக உதவும். மாங்காய்ப் பால் பொரிவை அவை மாற்றாது. குளோபெனிரமின் நித்திரையைத் தரும், அவ்வளவுதான். கடித்துக் கடித்து விடிய வைக்கும் இரவில் அதுவும் ஓர் உதவி. போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | ஒட்டியதை அகற்றுமா | கடியை அடக்குமா | மறைந்த செலவு | பொருந்தும் நேரம் |
|---|---|---|---|---|
| சவர்க்காரம், தண்ணீர் | ஆம் | கொஞ்சம் | தும்பால் தேய்க்கும் ஆசை | எல்லாவற்றுக்கும், முதல் பத்து நிமிடம் |
| ஒட்டும் நாடா | மயிர் மட்டும் | இல்லை | இல்லை | காஞ்சோண்டி, பூனைக்காலி, மசுக்குட்டி |
| குளிர்ந்த துணி | இல்லை | ஆம், கொஞ்ச நேரம் | பொறுமை | மூன்று வகைக்கும் |
| வேப்பிலைத் தண்ணீர் | இல்லை | ஓரளவு | சூட்டோடு ஊற்றினால் கூடும் | உடையாத தோல், பரந்த கடி |
| மஞ்சள் பற்று | இல்லை | நிச்சயமில்லை | சிவப்பை மறைக்கும், ஒவ்வாமை | தவிர்க்கலாம் |
| கற்றாழை | இல்லை | ஆம், குளிர்ச்சி | மஞ்சள் பால் | கழுவிய பிறகு, சுட்ட தோல் |
| தேங்காய் எண்ணெய் | சவர்க்காரத்தோடு மட்டும் | இல்லை | பாலைப் பரப்பும் | வேலைக்கு முன், தோல் உரியும் நாள் |
| சுண்ணாம்பு, தேசிக்காய் | இல்லை | எரிவால் மறைக்கும் | புண், கறுப்பு | எப்போதும் இல்லை |
| ஓட்ஸ் | இல்லை | ஆம் | வழுக்கும் நிலம் | பிள்ளைகள், பரந்த கடி |
| கலமைன் | இல்லை | ஆம் | தோல் காயும் | நீர் வடியும் பொரிவு |
| ஹைட்ரோகோட்டிசோன் | இல்லை | ஆம், வீக்கத்தையும் | வலுவானதற்குத் தாவும் பழக்கம் | மாங்காய்ப் பால், பார்த்தீனியம் |

## நான் எதை எடுப்பேன்

காஞ்சோண்டி பட்டால்: நாடா, கழுவு, குளிர்ந்த துணி, தேத்தண்ணி. சில மணித்தியாலம் பொறுத்தால் மருந்துப் பேச்சே வராது.

கள்ளிப்பால் பட்டால் சவர்க்காரத்தில் தாராளம், அப்புறம் கற்றாழை. மாங்காய்ப் பால் பட்டு இரண்டாம் நாள் பொரிந்தால் பகலில் கலமைன், இரவில் துணி, இலேசான பொரிவென்றால் ஹைட்ரோகோட்டிசோன். கொப்புள நீர் பட்டால் மற்றவருக்குத் தொற்றும் என்று பிள்ளையைத் தள்ளி வைக்கத் தேவையில்லை. அந்த நீரில் பால் இல்லை.

பார்த்தீனியத்துக்குப் பூசுகிற மருந்து பாதித் தீர்வு கூட இல்லை. செடி பக்கத்தில் நிற்கும் வரை கடியும் நிற்கும். பூக்க முதல், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். எரிக்கும்போது புகைக்குள் நிற்காதீர்கள். ஏற்கெனவே கடித்தவர் அந்த வேலைக்குப் போகவே கூடாது, வேறு ஆளைப் பிடியுங்கள். மாதக்கணக்கில் இழுக்கிற கடியோடு கைதடிச் சித்த போதனா வைத்தியசாலைக்குப் போகிறவர்களும் உண்டு. படித்த வைத்தியரிடம் போவது, சந்தையில் பெயரில்லாக் குப்பி எண்ணெய் வாங்குவதை விட நல்லது. எங்கே போனாலும் இதுவரை பூசியது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஒப்பீட்டுக்கே இடமில்லாத நேரங்களும் உண்டு. எருக்கலை, கள்ளி, தில்லைப் பால் கண்ணில் பட்டால் தாய்ப்பால், தேன், எதையும் விடாதீர்கள். ஓடும் சுத்தத் தண்ணீரில் இமையைத் திறந்து பிடித்துப் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டு, நேரே ஆஸ்பத்திரி. எருக்கலைப் பால் நோகாமலேயே கண்ணை மங்க வைக்கும், அதனால் 'நோகேல்லைத்தானே' என்று இருக்க வேண்டாம். மூச்சு முட்டினால், உதடும் நாக்கும் வீங்கினால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். முகம் முழுக்க வீங்கினாலும், மறைவிடத்தில் வந்தாலும், காய்ச்சலோ சீழோ இருந்தாலும், கைக்குழந்தைக்கு வந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கிற வேலை இல்லை.

மச்சானின் கதைக்குத் திரும்பினால், வாயைச் சுற்றி வந்தது பத்து நாளில் மாறிவிட்டது. மாறிய நாலாம் நாள் வலது உள்ளங்கையில் பொரிந்தது. அவர் பழத்தைத் தொடவே இல்லை. இன்னொரு தரம் மாறி, இன்னொரு தரம் வந்தது. அந்த மூன்றாம் தரம்தான் பெரியம்மா, வேப்பிலைக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "நீ அண்டைக்கு மாங்கொப்பு வெட்டின கத்தி எங்க?" தேடினோம், பத்தியில் சாய்த்து வைத்திருந்தது. மரப்பிடியில் பால் கறுத்துக் காய்ந்து படிந்திருந்தது. அவர் தினமும் அதால்தான் இளநீர் சீவிக் குடித்திருக்கிறார்.